இரண்டு ஆண்டுகளை எதற்காகக் கேட்கலாம்?



தேசிய சேவையைப் பற்றிப் பேச அழைத்தவர்கள், நன்மை தீமை இரண்டையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டிமன்ற நடுவருக்கு அது வசதி. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு வீட்டுக்குப் போய்விடலாம். நான் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டாய ராணுவ சேவை இருக்க வேண்டும் என்பவன் நான். ஆனால், அதற்கு ஆதரவாக நம் வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் சொல்லப்படும் காரணங்களில் முக்கால்வாசியை ஏற்காதவன்.

"ரெண்டு வருஷம் உள்ள போயிட்டு வந்தா பையன் உருப்பட்டுடுவான்." இதைக் கேட்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க முடியாது. விடிகாலையில் எழுந்திருப்பான், படுக்கையை மடிப்பான், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பான். விடுமுறைக்குத் தஞ்சாவூர், திருச்சி பக்கம் போனால் அங்கே உறவினர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: "உங்க ஊர் மாதிரி இங்கயும் எல்லாப் பயலையும் மிலிட்டரிக்கு அனுப்பணும். அப்பத்தான் திருந்துவானுங்க." சொல்கிறவருக்கு அநேகமாக அறுபது வயது தாண்டியிருக்கும். அழைப்புக் கடிதம் இனி தன் வீட்டுக் கதவைத் தட்டாது என்று தெரிந்தவர்களிடம்தான் இந்த ஆர்வம் அதிகமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இந்தச் சேவை இங்கே எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் மறந்துபோன சில சங்கதிகள் அதில் உண்டு.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி தனி நாடானபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். அவற்றிலும் மலேசியர்கள் கணிசமாக இருந்தார்கள். இந்தோனேசியாவுடனான மோதல் அப்போது ஓயவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். பிரிட்டிஷ் படை இங்கேதான் இருந்தது, ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படையை உருவாக்க உதவுங்கள் என்று பிரதமர் லீ குவான் இயூ, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் எகிப்து அதிபர் நாசருக்கும் எழுதினார். சாஸ்திரியிடமிருந்து அன்பான வாழ்த்து வந்தது. படைப் பயிற்சி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாசரும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். சுற்றிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதால், அவர்களை 'மெக்சிகர்கள்' என்று சொல்லி மறைத்து வைத்தார்கள்.

அன்றைய தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ அடிப்படையில் பொருளாதார அறிஞர். சம்பளத்துக்கு ஆள் வைத்து ஒரு பெரிய நிரந்தரப் படையைக் கட்டினால் நாட்டின் பணமும் போய்விடும், தொழிற்சாலைக்கு வேண்டிய ஆட்களும் போய்விடுவார்கள். எனவே சிறிய நிரந்தரப் படை, அதைச் சுற்றிப் பயிற்சி முடித்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிய பெரிய படை, ஆபத்து வந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு. 1967 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. 1949ஆம் ஆண்டின் முதல் பாதியில் பிறந்த சுமார் 9,000 இளைஞர்கள் பதிந்துகொண்டார்கள். முழுநேரச் சேவைக்கு எடுக்கப்பட்டவர்கள் அவர்களில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 900 பேர். மற்றவர்கள் பகுதிநேரமாகச் செய்தார்கள்.

நல்ல இரும்பை ஆணியாக அடிப்பதில்லை, நல்ல மகனைச் சிப்பாயாக அனுப்புவதில்லை என்று சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அப்படி நினைத்த மக்களிடம்தான் பிள்ளையைக் கேட்டார்கள். சமூக மன்றங்களில் விருந்து வைத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களே வந்து நின்று அந்தப் பையன்களை வழியனுப்பினார்கள்.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு என்ன நடந்தது தெரியுமா? 1954இல் பிரிட்டிஷ் அரசு இதே போன்ற ஒரு கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தது. 18 முதல் 20 வயது வரையுள்ளவர்கள் பதிய வேண்டும் என்றது. மே 13ஆம் தேதி சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். போலீசோடு மோதல், காயம், கைது. யாருடைய சாம்ராஜ்யத்துக்காக நாங்கள் சாக வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. கைதானவர்களின் வழக்குக்காக மாணவர்கள் தேடிப்போன இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. 1967இல் சட்டம் கொண்டுவந்த பிரதமரும் அவரேதான்! நான் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. சட்டம் ஏறக்குறைய ஒன்றே, கேட்டவர் மாறியிருந்தார். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு, தன்னைத் தற்காத்துக்கொள்ள ஆள் இல்லை என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கட்டாயச் சேவைக்கு இந்த ஒரு நியாயம்தான் உண்டு. வேறு வழியில் திரட்ட முடியாத படையைத் திரட்டுவதற்காக மட்டுமே ஒருவனுடைய இரண்டு ஆண்டுகளை அரசு கேட்கலாம்.

மற்றக் காரணங்கள் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றில் முதலாவது ஒழுக்கம்.

ஒழுக்கம் வளர்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? சிங்கப்பூரில் முடியாது. எல்லாப் பையன்களும் போகும் ஊரில், போகாதவன் எப்படி இருக்கிறான் என்று ஒப்பிட ஆள் கிடைப்பதில்லை. அர்ஜென்டினாவில் முடிந்தது. அங்கே அடையாள அட்டை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துக் குலுக்கல் போட்டுத்தான் படைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே மாதிரி குடும்பம், ஒருவன் போகிறான், ஒருவன் தப்பிக்கிறான், காரணம் வெறும் அதிர்ஷ்டம். ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்று இரு கூட்டத்தாரின் குற்றப் பதிவுகளையும் ஒப்பிட்டது. படைக்குப் போய் வந்தவர்களிடம் குற்றப் பதிவு கூடுதலாக இருந்தது. குறைவாக அல்ல, கூடுதலாக. அந்த நாட்டில் 1994இல் படைமுகாமில் அடிபட்டு ஓர் இளம் வீரர் இறந்துபோனார். அந்தக் கொந்தளிப்பில் கட்டாயச் சேவையே எடுக்கப்பட்டுவிட்டது.

அமெரிக்காவிலும் வியட்நாம் போர்க்காலத்தில் பிறந்த தேதியை வைத்துக் குலுக்கல் நடந்தது. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990இல் அதை ஆராய்ந்தார். போய்வந்த வெள்ளை இனத்தவர்களின் வருமானம், 1980களின் தொடக்கத்தில், போகாதவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருந்தது. மற்றவர்கள் வேலையில் அனுபவம் சேர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளை இவர்கள் படையில் கழித்துவிட்டார்கள்.

அர்ஜென்டினா முகாமும் நம் பையன்கள் அடிப்படைப் பயிற்சி பெறும் தெக்கோங் தீவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. நம் பையன்கள் சிலருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் நல்லது செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். சிலருக்குச் செய்யாததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் "திருந்துவான்" என்று நம்பி ஒரு நாட்டின் இளைஞர்கள் அனைவரையும் பிடித்து உள்ளே போடும் அளவுக்கு அதில் சான்று இல்லை. தஞ்சாவூர் உறவினருக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். இந்தியாவில் கட்டாயம் இல்லாமலேயே உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்று நிற்கிறது. ஆள்சேர்ப்பு முகாம் என்று அறிவித்தால் இளைஞர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். அரசமைப்பின் 23ஆம் பிரிவு பொதுநலனுக்காகக் கட்டாயச் சேவை கேட்க இடம் தருகிறது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையைக் கட்டாயமாக்கியும் பார்த்தார்கள். 1968இல் அது மறுபடி விருப்பத்துக்கு விடப்பட்டது. படைக்கு ஆள் பஞ்சமில்லாத நாட்டில் கட்டாயம் கேட்பது, வீடும் பள்ளிக்கூடமும் செய்ய வேண்டிய வேலையைச் சார்ஜன்ட் தலையில் கட்டுவது.

இரண்டாவது காரணம் கனமானது. பல இனத்தவரை ஒரு மக்களாக ஆக்குகிறது என்பது. கோ கெங் சுவீயே 1967இல் நாடாளுமன்றத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். இதில் உண்மை உண்டு. தெக்கோங்குக்குப் படகேறிய மகனோடு நீங்களும் போயிருப்பீர்கள். படுக்கையைக் காட்டி, சமையற்கூடத்தில் சாப்பாடும் போட்டு உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதன்பின் மொட்டை. அணிவகுப்புக் கட்டளை மலாயில், பாடம் ஆங்கிலத்தில், திட்டு ஹொக்கியனில். தனியார் வீட்டுப் பிள்ளையும் ஓரறை வாடகை வீட்டுப் பிள்ளையும் ஒரே சேற்றில் தவழ்கிறார்கள். நம் தமிழ்ப் பையனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன், வேறெங்கும் அவன் சந்தித்திருக்கவே முடியாத ஒருவன். புக் அவுட் ஆகி, அதாவது முகாமைவிட்டு வெளியே வந்து, ஒன்றாகத் தே தாரிக் குடிக்கப் போகும் அந்தச் சிநேகிதம் நாற்பது வயதுக்கு மேலும் தொடர்வதைப் பார்க்கிறோம்.

ஆனால் இதே வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. 1967 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு மலாய் இளைஞர்களில் பெரும்பாலோரை அழைக்கவே இல்லை. விலக்கு என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்ற நிலையில் இருந்த பையனுக்கு வேலை கொடுக்க முதலாளிகள் தயங்கினார்கள். பிறகு அழைத்தபோதும் பலரைப் போலீசுக்கும் குடிமைத் தற்காப்புக்கும் அனுப்பினார்கள். 1987இல் அப்போது அமைச்சராக இருந்த லீ சியன் லூங் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். நாட்டுக்கும் மதத்துக்கும் நடுவே ஒரு வீரன் சிக்கித் தவிக்கும் நிலை வரக்கூடாது என்றார். பின்னர் நிலை மாறிவந்தது. 2009இல் மலாய்க்காரர் ஒருவர் முதன்முதலாகப் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். எல்லாரையும் ஒன்றாக்கும் இடம் என்று சொல்லப்பட்ட அதே இடம், ஒரு தலைமுறை மலாய் இளைஞர்களிடம் நீ வேறு என்று சொல்லியிருக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்த வாதத்தை வைக்கக்கூடாது. பல இனங்களைப் பழகவைப்பது நல்ல விளைவு. ஆனால் விளைவைக் காரணமாகக் காட்ட முடியாது. பழகுவதற்குப் பள்ளிக்கூடமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியும் இருக்கின்றன. அவற்றில் யாரும் துப்பாக்கியைச் சுமக்க வேண்டியதில்லை.

விலைக்கு வருகிறேன். பட்ஜெட் நாளில் வாசிக்கப்படாத ஒரு வரி இது. பத்தொன்பது வயதில் வெளியே என்ன சம்பளம் கிடைக்குமோ அதற்குக் கீழே ஒரு படித்தொகையைப் பெற்றுக்கொண்டு பையன் வேலை செய்கிறான். அந்த வித்தியாசம் அவன் கட்டும் வரி. அவனோடு படித்த பெண் இரண்டு ஆண்டுகள் முன்னதாகப் பட்டம் வாங்குகிறாள். வெளிநாட்டிலிருந்து வந்த அவன் வயதுக்காரன் அதற்குள் வேலையில் சேர்ந்துவிடுகிறான். இரண்டு ஆண்டோடு முடிவதும் இல்லை. போர்க்காலப் படைவீரராகச் சாதாரண வீரர் 40 வயது வரை, அதிகாரி 50 வயது வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் அழைக்கப்படலாம். அந்நாள்களின் சம்பளத்தை அரசு ஈடுகட்டுகிறது. பதவி உயர்வு நேரத்தில் மேலாளர் மனத்தில் போடும் கணக்கை யார் ஈடுகட்டுவது?

அமெரிக்காவில் இந்த மறைமுக வரியை 1970இல் கேட்ஸ் ஆணையம் விரிவாக எடுத்துக்காட்டியது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் அதில் உறுப்பினர். 1973இல் அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. சிங்கப்பூருக்கு அந்த வழி இல்லை. இருக்கும் மக்கள்தொகையில், சம்பளத்துக்கு மட்டும் ஆள் வைத்தால் படை தேறாது. அதனால் வரியை ஏற்கிறேன். ஆனால் ஏற்ற வரி எங்கே செலவாகிறது என்று கேட்பேன். நான் இருந்த காலத்தில் ஸ்டோர் சாவியைக் காத்துக்கொண்டும் படிவங்களை நகலெடுத்துக்கொண்டும் சேவையை முடித்தவர்கள் ஏராளம். எல்லை காக்க என்று சொல்லி வாங்கிய காலத்தை, சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய குமாஸ்தா வேலைக்குப் பயன்படுத்தினால், என் ஒரே நியாயமும் அங்கே நின்றுபோகிறது.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது மக்களின் ஒரு நம்பிக்கை. என் மகன் போகிறான் என்றால் மந்திரி மகனும் போகிறான். அது ஆடினால் எல்லாம் ஆடும். 2005இல் அது ஆடியது. பல ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்த பியானோ கலைஞர் மெல்வின் டான், சேவைக்கு வராததற்கு 3,000 வெள்ளி அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் இரண்டரை ஆண்டு கொடுத்தவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 3,000 வெள்ளிதான் விலை என்றால் நாங்களும் கட்டியிருப்போமே என்று பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். அடுத்த ஆண்டே அபராத உச்சவரம்பு 10,000 வெள்ளி ஆனது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

விளையாட்டு வீரர்கள் விஷயம் இன்னும் சிக்கல். நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குச் சேவை ஒத்திவைப்புக் கிடைத்தது. 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார், 2022இல் சேவைக்கும் போனார். இங்கிலாந்தில் புல்ஹம் கழகம் ஒப்பந்தம் செய்த இளம் கால்பந்து வீரருக்கு 2018இல் ஒத்திவைப்பு மறுக்கப்பட்டது. தென்கொரியாவில் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கும் சலுகை உண்டு. கால்பந்து வீரர் சோன் ஹியூங் மின் 2018 ஆசியத் தங்கத்தால் சில வாரப் பயிற்சியோடு தப்பினார். உலகமே கொண்டாடிய பிடிஎஸ் பாடகர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, 2022 இறுதியில் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். பந்துக்கு உண்டு, பாப் பாட்டுக்கு இல்லை என்பதில் என்ன தர்க்கம்? ஒத்திவைப்பு வேறு, விலக்கு வேறு. ஒத்திவைப்பை நான் இன்னும் தாராளமாகக் கொடுப்பேன். விலக்கை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

'யாருக்கும்' என்று சொன்னதும் ஒரு கேள்வி வரும். ஆயுதத்தைத் தொட மாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுப்பவனை என்ன செய்வது? யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு இங்கே 1972இல் ரத்தானது. அந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் இன்றும் சேவையை மறுத்து ராணுவத் தடுப்புக்காவலுக்குப் போகிறார்கள். தென்கொரியாவில் 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் மாற்றுச் சேவை வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது அங்கே மறுப்பவர்கள் சிறைச்சாலைகளில் மூன்று ஆண்டு பணி செய்கிறார்கள். படைவீரனைவிடக் கூடுதல் காலம், ஆனால் குற்றவாளி என்ற பெயர் இல்லை. வடகொரியாவை எதிரே வைத்துக்கொண்டு அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று எனக்குப் புரியவில்லை. முதியோர் இல்லங்களில் ஆள் போதவில்லை என்று நாம்தானே சொல்கிறோம்?

எல்லை இல்லாத கட்டாயம் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். எரித்ரியாவில் 1995இல் 18 மாதம் என்று எழுதிச் சட்டம் போட்டார்கள். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் வந்தது. அன்றிலிருந்து பலருக்கு அது முடிவே இல்லாத சேவையாகிவிட்டது, நாட்டைவிட்டு ஓடும் இளைஞர்களுக்கு அதுவே முக்கியக் காரணம். நமக்கு இன்னும் அருகே, இலங்கையின் வன்னியில், உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கேட்டதும், கொடுக்காத வீட்டில் பிடித்துக்கொண்டு போனதும் இந்த அரங்கில் சிலருக்குக் குடும்பக் கதை. இங்கே சட்டத்தில் தேதி எழுதியிருக்கிறது, அந்தத் தேதியில் விடுகிறார்கள். 2004இல் இரண்டரை ஆண்டை இரண்டாகவே குறைத்தார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

உயிர் பற்றியும் பேச வேண்டும். 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் போர்க்காலப் படைப் பயிற்சியின்போது, பீரங்கி வண்டிக்குள் நசுங்கிக் காயமடைந்து நடிகர் அலாய்சியஸ் பாங் இறந்தார். வயது 28. நாடே துக்கப்பட்டது. பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அதன்பிறகு அமைந்தது. தானாகச் சேர்ந்தவரின் மரணமும் மரணம்தான். ஆனால் வா என்று சட்டம் போட்டு அழைத்தவரின் உடலுக்கு அரசு சொல்ல வேண்டிய பதில் பல மடங்கு பெரியது.

நிரந்தரவாசிகளாக இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் சேவை இல்லை, உங்கள் மகனுக்கு உண்டு. பதின்மூன்று வயதிலிருந்தே நீண்ட காலம் வெளிநாடு போக அனுமதி வேண்டும். பிணைத்தொகையும் கேட்பார்கள். பதினேழு வயதில் நிரந்தரவாசத்தைக் கைவிட்டுவிட்டுப் போனால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். பத்து வயதிலேயே பையனை உட்கார வைத்து இதைப் பேசுங்கள். கடைசி நேரத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். போகப்போகிறவன் அவன்.

கடைசியாக, வரப்போகும் சிக்கல். 2023இல் நம் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது. அந்த ஆண்டு பிறந்த ஆண்பிள்ளைக்கு 2041 வாக்கில் கடிதம் வரும், அவனோடு போக ஆள் குறைவாக இருக்கும். பெண்களையும் அழைக்கலாமே என்பார்கள். இஸ்ரேல் தொடக்கம் முதலே அழைக்கிறது, நார்வேயில் 2015இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, டென்மார்க் 2025இல் தொடங்கியது. இங்கே அரசு 2022இல், சமுதாயம் கொடுக்கும் விலை பலனைவிட அதிகம் என்று சொல்லிவிட்டது. சமத்துவத்துக்காக அழைக்க வேண்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுமையைப் பங்கிட்டுக் காட்டுவதற்காக இன்னொருத்தியின் இரண்டு ஆண்டுகளை எடுப்பது என் கணக்கில் தவறு. படை தேறவில்லை என்று கணக்குக் காட்டினால் அப்போது பேசலாம். அதற்கு முன் ஸ்டோர் சாவியையும் நகலெடுக்கும் இயந்திரத்தையும் சம்பள ஆட்களிடம் ஒப்படையுங்கள். எத்தனை பையன்கள் உண்மையிலேயே போர்ப்பணிக்குத் தேவை என்ற எண்ணை நாடாளுமன்றத்தில் வையுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் தயார்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் இருக்கிறது என்கிறார்கள். சேவைக்குப் போகவிருக்கும் தம்பிகள் யாராவது இருந்தால் முதலில் நீங்கள் கேளுங்கள்.